குஞ்சு நொண்டுகிறதா? காலைக் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

கோழிக்குஞ்சு ஒன்று நொண்ட ஆரம்பித்ததும் கை தானாகவே துணியையும் குச்சியையும் தேடும். எலும்பு உடைந்துவிட்டது, உடனே கட்டுப் போட வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்ளும். ஆனால் குஞ்சுகளுக்கு வரும் கால் கோளாறுகளில் அடிபட்டு வருவது ஒரு பகுதிதான். வழுக்கும் தரை, தீவனத்தில் சத்துக் குறைவு, கிருமித்தொற்று, விரலில் சுற்றிய நூல் என்று காரணம் வேறாக இருந்தால் கட்டு உதவாது. சிலவற்றில் கெடுதலே செய்யும். அதனால் இதை அடையாளம் வாரியாகப் பிரித்து எழுதியிருக்கிறேன். உங்கள் குஞ்சுக்குப் பொருந்தும் இடத்துக்கு நேராகப் போகலாம். முதல் பகுதியை மட்டும் யாரும் தாண்டிவிட வேண்டாம். கால் எதனால் போயிருந்தாலும் அது பொது.

முதல் வேலை: சூடு, தண்ணீர், தீவனம்

கால் போன குஞ்சை, காலைவிடச் சீக்கிரமாகக் கொல்வது தாகமும் குளிரும். தண்ணீர்க் கிண்ணம் ஒரு முழம் தள்ளி இருந்தாலும் அதற்கு எட்டாது. மற்ற குஞ்சுகள் மிதித்துக்கொண்டு போகும். ரத்தமோ சிவந்த புண்ணோ கண்ணில் பட்டால் கொத்தவும் செய்யும். பொரித்த முதல் 2, 3 நாளுக்கு வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு தாங்கிப் பிடிக்கும். அதன்பிறகு ஒரு நாள் பட்டினிகூட பெரிய விஷயம்தான்.

எனவே முதலில் தனியாக எடுங்கள், ஆனால் ஒரேயடியாகப் பிரித்துவிடாதீர்கள். அதே பெட்டிக்குள் கம்பிவலைத் தடுப்பு வைத்து, மற்ற குஞ்சுகள் கண்ணில் படுகிற மாதிரி விட்டால் போதும். தனிமையில் விட்ட குஞ்சு ஓயாமல் கத்திக் கத்தியே களைத்துவிடும். தரையில் செய்தித்தாள் கூடாது, வழுக்கும். நூல் பிரியாத பழைய துணியோ, அலமாரிக்குள் விரிக்கும் சொரசொரப்பான ரப்பர் விரிப்போ நல்லது. பூந்துவாலை வேண்டாம். அதன் நூல் வளையங்களில் நகம் மாட்டும்.

சூட்டைப் பொறுத்தவரை முதல் வாரம் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ், அதற்குப் பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைத்துக்கொண்டே வருவது வழக்கம். தெர்மாமீட்டரைக் குஞ்சின் முதுகு உயரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நல்ல குஞ்சு சூடு அதிகமானால் தானே விலகிப் போகும். நொண்டிக்குஞ்சால் அது முடியாது. அதனால் விளக்குக்கு நேர் கீழே கிடத்தாமல், சூடும் நிழலும் சேரும் ஓரத்தில் வையுங்கள். வாயைத் திறந்து மூச்சுவாங்கினாலோ, சிறகை உடம்பிலிருந்து தூக்கிவைத்தாலோ சூடு அதிகம். உடம்பைக் குறுக்கிக்கொண்டு உரக்கக் கத்தினால் குளிர்கிறது.

தண்ணீரை ஆழமில்லாத மூடியில், கூழாங்கல் போட்டு, அலகுக்கு எட்டுகிற தூரத்தில் வையுங்கள். தானாகக் குடிக்காவிட்டால் அலகின் நுனியை மட்டும் நனைத்து விடுங்கள். தொண்டைக்குள் சொட்டுமருந்துபோல் ஊற்றவே கூடாது. கோழிக்கு மூச்சுத்துளை நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது, தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடும். அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்தால் அதுவே சப்பி விழுங்கும். தீவனத்தை வெதுவெதுப்பான நீரில் கூழாகக் குழைத்துக் கொடுத்தால் நின்று கொத்த முடியாத குஞ்சும் தின்னும். சூட்டில் அந்தக் கூழ் சில மணி நேரத்தில் புளித்துவிடும், மாற்றிக்கொண்டே இருங்கள்.

ராத்திரி விளக்கைக் குறைக்கும் முன் கழுத்தடியில், கொஞ்சம் வலப்பக்கமாக விரலை வைத்துப் பாருங்கள். விழுங்கிய தீவனம் முதலில் சேரும் தீனிப்பை அங்கேதான் இருக்கிறது. மெத்தென்று உப்பியிருந்தால் தின்றிருக்கிறது. தட்டையாக இருந்தால் நாள் முழுக்கத் தீவனத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததே தவிர தின்னவில்லை. அப்போது கையில் ஏந்தி ஊட்டத்தான் வேண்டும். உட்கார்ந்தே கிடப்பதால் எச்சம் பின்பக்கம் ஒட்டிக் காய்ந்து துவாரத்தை அடைத்துவிடும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் ஊறவைத்துத் துடையுங்கள். பிய்த்து எடுத்தால் தோல் கிழியும்.

மனிதர்களுக்கான வலி மாத்திரையை உடைத்துக் கொடுக்க வேண்டாம். பறவைகளுக்கு மெலாக்சிகாம் போன்ற வலி மருந்துகளைக் கால்நடை மருத்துவர்கள் தருவதுண்டு. அவர்கள் எடை பார்த்து அளவு சொல்வார்கள். 40 கிராம் உடம்புக்குக் கண்ணளவு சரிப்படாது.

காலைப் பார்க்கும் முறை

குஞ்சை மெல்லிய துணியில் சிறகோடு சேர்த்துச் சுற்றி, மல்லாத்தி, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். மார்பை அழுத்திப் பிடிக்கக் கூடாது. கோழிக்கு நம்மைப்போல் உதரவிதானம் இல்லை, மார்பெலும்பு அசைந்தால்தான் மூச்சு.

பின்பக்கமாக மடங்குகிற அந்த மூட்டை எல்லோரும் முட்டி என்று நினைப்பார்கள். அது கணுக்கால். உண்மையான முட்டி வயிற்றோரம் பூமயிருக்குள் மறைந்திருக்கிறது. முட்டிக்கு மேலே தொடை, முட்டிக்கும் கணுக்காலுக்கும் நடுவே சதைப்பிடிப்பான கெண்டைக்கால், அதற்குக் கீழே செதில் மூடிய கீழ்க்கால், பிறகு விரல்கள். இந்தப் பெயர்களைத்தான் கீழே பயன்படுத்துகிறேன்.

இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். நல்ல கால்தான் உங்களுக்கு வழிகாட்டி. வீக்கம், சூடு, நிறம், கோணல் நான்கையும் பாருங்கள். ஒரு விரலை மெதுவாகக் கிள்ளினால் காலை இழுத்துக்கொள்கிறதா என்றும் பாருங்கள். இழுத்தால் நரம்பு உயிரோடு இருக்கிறது. ஒரு குஞ்சுக்கு மட்டும், ஒரு காலில் மட்டும், திடீரென்று வந்திருந்தால் அடி, நூல், தசைநாண் (சதையை எலும்போடு இணைக்கும் நார்) விலகல் என்ற பக்கம் யோசியுங்கள். பல குஞ்சுகளுக்கோ, இரண்டு காலிலுமோ, கொஞ்சம் கொஞ்சமாக வந்திருந்தால் தீவனத்தையும் நோயையும் சந்தேகப்படுங்கள்.

நொண்டுகிறது, ஆனால் காலை ஊன்றுகிறது, கோணல் இல்லை

சுளுக்காக இருக்கலாம். ஓடவிடாமல் சின்ன இடத்தில் வைத்திருந்தால் 2, 3 நாளில் தேறும். கட்டு வேண்டாம். ஆனால் சுளுக்கு என்று முடிவுகட்டும் முன் ஒவ்வொரு விரலையும் பிரித்துப் பாருங்கள். தலைமுடி, சாக்கு நூல், நார் எதுவும் விரலடியில் சுற்றியிருக்கலாம். வீக்கத்துக்குள் புதைந்துபோனால் நூலே தெரியாது. விரலின் அடியில் மெல்லிய பள்ளம் ஒன்று வளையமாக ஓடும், அதற்கு அப்பால் விரல் குண்டாகச் சிவந்தோ நீலம் பாரித்தோ இருக்கும். அவ்வளவுதான் தெரியும். கையில் பூதக்கண்ணாடி இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

வெதுவெதுப்பான நீரில் 5 நிமிடம் காலை ஊறவைத்து, நுனி கூரில்லாத சின்னக் கத்தரியை நூலுக்கு அடியில் பக்கவாட்டில் நுழைத்து வெட்டுங்கள். ஒரு இடத்தில் வெட்டிவிட்டு இழுத்தால் தோலையும் சேர்த்து அறுக்கும். துண்டு துண்டாக எடுங்கள். விரல் மெல்லச் சூடாகி நிறம் திரும்பினால் பிழைத்தது. கறுத்துக் காய்ந்துவிட்டால் அந்த நுனி தானே உதிரும். ஒரு விரல் குறைந்த கோழி நன்றாகவே வாழும்.

இரண்டு காலும் பக்கவாட்டில் விரிந்து, வயிற்றால் தவழ்கிறது

பொரித்த முதல் சில நாளில் வரும் கோளாறு இது. வழுவழுப்பான தரைதான் பெரும்பாலும் காரணம். இன்குபேட்டரில் சூடும் ஈரப்பதமும் சரியில்லாமல் போனாலும், முட்டைக்குள் கால் சரியாக அமையாவிட்டாலும் வரும். எலும்பில் குறை ஏதும் இல்லை, இடுப்பிலிருந்து கால்களை உள்ளே இழுத்துப்பிடிக்கும் பலம் இன்னும் வரவில்லை. அதனால் சீக்கிரம் பிடித்தால் முழுசாகச் சரியாகிவிடும் ஒரு சில கால் கோளாறுகளில் இதுவும் ஒன்று.

அரை சென்டிமீட்டர் அகலத்துக்குப் பிளாஸ்திரியை வெட்டி, இரண்டு கீழ்க்கால்களையும் கணுக்காலுக்கும் விரலுக்கும் நடுவே பிணையுங்கள். நடுவில் சுமார் 2.5 சென்டிமீட்டர் இடைவெளி, அதாவது கால்கள் இடுப்புக்கு நேர் கீழே வரும் அளவு. சின்ன இனக்குஞ்சு என்றால் இன்னும் குறைவு. பசை தோலில் ஒட்டாமல் இருக்க உள்பக்கம் பஞ்சோ மெல்லிய துணியோ வையுங்கள். கட்டியதும் குஞ்சு முகம் குப்புற விழும், கலங்காதீர்கள். இரண்டு கையாலும் நிமிர்த்திப் பிடித்து சில நிமிடம் நிற்க வைத்துப் பழக்குங்கள். நாளுக்குப் பலமுறை இதைச் செய்தால் கட்டைவிட இந்தப் பழக்கமே அதிகம் வேலை செய்கிறது என்பது என் எண்ணம். தினமும் அவிழ்த்துப் பார்த்துப் புதிதாகக் கட்டுங்கள், குஞ்சு அவ்வளவு வேகமாக வளரும். பொதுவாக 3 முதல் 5 நாளில் கால் நேராக நிற்கும். குடிக்கும்போது யாராவது பக்கத்தில் இருங்கள், பிணைத்த காலோடு கிண்ணத்தில் கவிழ்ந்தால் எழ முடியாது.

விரல்கள் உள்ளே சுருண்டிருக்கின்றன

பொரிக்கும்போதே ஒரு பாதத்தில் மட்டும் விரல் வளைந்திருந்தால் முட்டைக்குள் இருந்த இருப்பு காரணமாக இருக்கலாம். கெட்டியான அட்டையைப் பாத வடிவில் வெட்டி, விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி, மேலே பேப்பர் பிளாஸ்திரியை ஒட்டி ஒரு செருப்பு செய்துவிடுங்கள். இரண்டு மூன்று நாளில் நேராகும்.

ஒரு வாரம், இரண்டு வாரம் நன்றாக நடந்த குஞ்சு பிறகு கணுக்காலை ஊன்றி உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்தால், இரண்டு பாதத்திலும் விரல் முஷ்டிபோல் மடங்கினால், அது ரிபோபிளேவின் என்னும் பி2 விட்டமின் குறைவு. வெறும் குருணையும் தானியமும் தின்று வளரும் குஞ்சுகளிடம் இதை எதிர்பார்க்கலாம். இங்கே கட்டுப் போட்டு நாளைக் கடத்தாதீர்கள், நரம்பு கெட்டுக்கொண்டிருக்கிறது. கோழிகளுக்கான, தண்ணீரில் கலக்கும் பி காம்ப்ளெக்ஸ் மருந்தை அதன் சீட்டில் உள்ள அளவில் அன்றே கொடுங்கள். தீவனத்தையும் சமச்சீரான குஞ்சுத் தீவனமாக மாற்றுங்கள். ஆரம்பத்தில் கொடுத்தால் சில நாளில் விரல் விரியும். வாரக்கணக்கில் விட்டுவிட்டால் அந்த நரம்பு திரும்பாது. ஒரு குஞ்சுக்கு இப்படி வந்தால் கூட இருக்கும் எல்லாக் குஞ்சுகளுக்கும் அதே குறை இருக்கும், எல்லாவற்றுக்கும் கொடுங்கள்.

கணுக்கால் வீங்கி, கீழ்க்கால் பக்கவாட்டில் திரும்பியிருக்கிறது

எலும்பு முறிவு என்று பலர் தவறாக நினைத்துக் கட்டிவிடுவது இதைத்தான். கணுக்காலின் பின்பக்கம் ஒரு பள்ளம் உண்டு. கெண்டைச் சதையிலிருந்து வரும் தடித்த தசைநாண் அந்தப் பள்ளத்தில்தான் ஓடுகிறது, கிணற்றுக் கப்பியில் கயிறு ஓடுவதுபோல. அது பள்ளத்தைவிட்டு ஓரத்தில் நழுவினால், காலை நீட்டும் இழுப்பு முழுவதும் கோணலாகப் போய்க் கால் திரும்பிவிடும். மாங்கனீசு, கோலின் போன்ற சத்துகள் குறைந்தால் மூட்டு சரியாக அமையாமல் இது வரும். வேகமாக எடை போடும் இனங்களில் அதிகம். குதித்து, மாட்டி, இழுபட்டும் வரலாம்.

தொட்டுப் பார்த்தால் ஐயமில்லாமல் தெரிந்துவிடும். நல்ல காலின் கணுக்காலுக்குப் பின்னால் ஆட்காட்டி விரலை வைத்து உருட்டுங்கள். நடுவில் இறுக்கமான கயிறுபோல் தசைநாண் தட்டுப்படும். கெட்ட காலில் அதே இடம் தட்டையாக, வெறும் எலும்பாக இருக்கும். கயிறு பக்கத்தில் ஒதுங்கிக் கிடக்கும்.

ஒருவர் குஞ்சைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் காலை மெதுவாகப் பின்னோக்கி நீட்ட வேண்டும். கணுக்கால் நீளும்போது தசைநாண் தளரும். தளர்ந்த அந்த நேரத்தில் கட்டைவிரலால் அதைப் பக்கத்திலிருந்து பள்ளத்துக்குத் தள்ளுங்கள். சரியாக உட்கார்ந்தால் விரலுக்கு அடியில் ‘டக்’ என்று ஒரு சின்ன அசைவு உணரும். பிறகு காலை நிதானமாக மடக்கி நீட்டிப் பாருங்கள், இருந்த இடத்தில் இருந்தால் முடிந்தது. மறுபடி நழுவினால் திரும்பத் தள்ளிவிட்டு, கணுக்காலை லேசாக நீட்டிய நிலையில் மிருதுவான பேண்டேஜால் சில நாள் சுற்றிவைக்கலாம். முழுக்க மடங்கவிட்டால் இழுப்பு கூடி நழுவும்.

இதில் காலம்தான் எல்லாம். முதல் நாளிலோ இரண்டாம் நாளிலோ செய்தால் நல்ல வாய்ப்பு. வீக்கம் முற்றி, பள்ளம் தட்டையாகிவிட்டால் தள்ளினாலும் நிற்காது. அப்போது பலவந்தமாகத் திரும்பத் திரும்பத் தள்ளுவது வலியைத் தவிர எதையும் தராது. இரண்டு காலிலும் வந்திருந்தால் தீவனம்தான் குற்றவாளி, மீதிக் குஞ்சுகளுக்காகவாவது அதை உடனே மாற்றுங்கள்.

மூட்டு இல்லாத இடத்தில் வளைந்திருக்கிறது, கால் தொங்குகிறது

இதுதான் முறிவு. யாரோ மிதித்துவிட்டார்கள், கதவு இடித்தது, தாய்க்கோழி ஏறிவிட்டது என்று ஏதாவது ஒன்று நடந்திருக்கும். முதல் ஒன்றிரண்டு மணி நேரம் காலைத் தொடாமல், சூடான இருட்டுப் பெட்டியில் அமைதியாக வைத்திருங்கள். அதிர்ச்சியில் இருக்கும் குஞ்சை இழுத்துக் கட்டினால் கையிலேயே போய்விடக்கூடும். ரத்தம் வழிந்தால் மட்டும் சுத்தமான துணியால் சில நிமிடம் விடாமல் அழுத்துங்கள். எலும்பு தோலைக் கிழித்து வெளியே தெரிந்தால் வீட்டு வைத்தியமே வேண்டாம், நேராகக் கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

தோல் கிழியாத கீழ்க்கால் முறிவை வீட்டிலேயே கட்டலாம். உறிஞ்சுகுழலை நீளவாக்கில் பிளந்தால் நல்ல சிம்பு, அதாவது எலும்பை அசையாமல் பிடிக்கும் பட்டை, கிடைக்கும். நீளம் கணுக்காலுக்குச் சற்று மேலிருந்து பாதம் வரை வர வேண்டும். முறிவுக்கு மேல் மூட்டும் கீழ் மூட்டும் அசையாமல் இருந்தால்தான் எலும்பு கூடும். காலைச் சுற்றி மெல்லிய பஞ்சு, அதன்மேல் சிம்பு, அதன்மேல் தன்னோடு தானே ஒட்டும் பேண்டேஜ். அந்த பேண்டேஜை இழுத்து இழுத்துச் சுற்றாதீர்கள், தளர்வாகப் படியவிட்டால் போதும். விரல் நுனிகள் வெளியே தெரிய வேண்டும். ஒரு மணி நேரம் கழித்தும், பிறகு காலை மாலையும் அந்த நுனிகளைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தாலோ, உப்பினாலோ, நிறம் மாறினாலோ உடனே அவிழ்க்க வேண்டும். முறிவைவிட இறுகிய கட்டால் போன கால்கள் உண்டு.

கெண்டைக்கால் முறிவு இதைவிடச் சிரமம். மேல் மூட்டு உடம்போடு ஒட்டியிருப்பதால் சிம்பு பிடித்து நிற்காது, நழுவிப்போய் முறிந்த இடத்திலேயே பாரமாகத் தொங்கும். உட்காரும் நிலையில் காலை மடக்கி இருபுறமும் பிளாஸ்திரியைச் சேர்த்து ஒட்டும் முறை ஒன்று இருக்கிறது. அதை மருத்துவர் கையால் செய்வதுதான் நல்லது. தொடை முறிவுக்குக் கட்டே கிடையாது. குஞ்சு திரும்ப மட்டுமே இடம் உள்ள சின்னப் பெட்டியில், மெத்தென்ற விரிப்பில், ஓய்வு ஒன்றுதான் வழி.

பறவை எலும்பு வேகமாகக் கூடும். 2, 3 வாரத்தில் குஞ்சு ஊன்ற ஆரம்பிக்கும். அதற்குள் குஞ்சு பெருத்துவிடும் என்பதால் 2, 3 நாளுக்கு ஒருமுறை கட்டைத் தளர்த்திப் புதிதாகக் கட்டியே ஆக வேண்டும். எலும்பு கொஞ்சம் கோணலாகக் கூடினாலும் பெரும்பாலான கோழிகள் அதை வைத்துக்கொண்டு சமாளித்து நடந்துவிடும்.

மூட்டு சூடாக வீங்கியிருக்கிறது

கிருமித்தொற்று. முதல் வாரத்தில் தொப்புள் சரியாக ஆறாத குஞ்சுகளில் அங்கிருந்து மூட்டுக்குப் பரவலாம். தொப்புளைப் பாருங்கள், ஈரமாகவும் நாற்றமாகவும் இருந்தால் அதுதான். பாதத்தின் அடியில் கறுப்புப் பொருக்கோடு வீங்கியிருந்தால் முள்ளோ சிராய்ப்போ வழியாகப் புகுந்த சீழ். இவற்றுக்கு ஆன்டிபயாட்டிக் தேவைப்படும், எது, எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். பல குஞ்சுகளுக்கு ஒரே சமயத்தில் கணுக்கால் வீங்கினால் மைக்கோபிளாஸ்மா அல்லது ரியோ வைரஸ் போன்ற பரவும் நோயாக இருக்கலாம், தாமதிக்காதீர்கள்.

கால் நன்றாக இருக்கிறது, குஞ்சுதான் நிற்க மாட்டேன் என்கிறது

ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னும் நீட்டிப் படுத்தால் மாரெக் நோயை நினைக்க வேண்டும். 1907இல் ஹங்கேரியக் கால்நடை மருத்துவர் யோசெப் மாரெக் முதலில் விவரித்த நோய் இது. வைரஸ் கால் நரம்பைத் தாக்குகிறது. சில நாள் வயதுக் குஞ்சுக்கு இது வராது, 3, 4 வாரத்துக்குப் பிறகுதான், பெரும்பாலும் அதற்கும் வெகு பிந்தி. சிகிச்சை கிடையாது. பொரித்த அன்றே போடும் தடுப்பூசிதான் வழி.

1 முதல் 3 வார வயதில் தலையும் கழுத்தும் நடுங்கித் தள்ளாடினால் மூளையைத் தாக்கும் வைரஸ் நோய் ஒன்று உண்டு. 2 முதல் 4 வாரத்தில் தலை பின்னுக்கு இழுத்து, உருண்டு விழுந்தால் விட்டமின் ஈ குறைவாக இருக்கலாம். கொழுப்பு சிக்கெடுத்த பழைய தீவனத்தில் அந்த விட்டமின் அழிந்துபோயிருக்கும். மூட்டையை முகர்ந்து பார்த்தாலே தெரியும்.

அலகு ரப்பர்போல் வளைந்தால், காலெலும்பும் மிருதுவாக இருந்தால், கணை நோய். டி3 விட்டமின், கால்சியம், பாஸ்பரஸ் கணக்கு தப்பியிருக்கிறது. அதற்காக முட்டையிடும் கோழிக்கான தீவனத்தைக் குஞ்சுக்குப் போட்டுவிடாதீர்கள், அதில் உள்ள அளவுக்கதிகமான கால்சியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

உடம்பைக் குறுக்கி, இறகைச் சிலிர்த்து, எச்சத்தில் ரத்தம் தெரிந்தால் காலை மறந்துவிடுங்கள். அது ரத்தக்கழிச்சல், அன்றே மருந்து வேண்டும்.

திரும்பச் சேர்ப்பதும், சேர்க்க முடியாதபோதும்

தடுமாறாமல் நடந்து, தானே தின்று, விரட்டினால் ஓட முடிகிற அளவுக்கு வந்த பிறகு தடுப்பை எடுங்கள். முதலில் சாதுவான ஒன்றிரண்டு குஞ்சுகளை இந்தப் பக்கம் விட்டு ஒருநாள் பார்த்துவிட்டு, பிறகு மொத்தமாகச் சேர்க்கலாம். கொத்து விழுந்தால் மறுபடி தடுப்பு. தொடும் ஒவ்வொரு முறையும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நன்றாக இருக்கும் குஞ்சுகூட சால்மொனெல்லா கிருமியைச் சுமக்கலாம். சிறு பிள்ளைகள் குஞ்சைக் கொஞ்சும் வீடுகளில் இது முக்கியம்.

சில கால்கள் சரியாகாது. தின்கிறது, குடிக்கிறது, ஒரு காலால் தத்தி நகர்கிறது என்றால் அந்தக் குஞ்சுக்கு வாழ இடம் கொடுக்கலாம். ஆனால் தீனி இறங்காமல், நாளுக்கு நாள் மெலிந்து, தொட்டாலே வலியில் கத்துகிறது என்றால், வலியில்லாமல் முடித்து வைக்கச் சொல்லி மருத்துவரைக் கேட்பதில் தவறில்லை. அதை இரக்கமின்மை என்று நான் நினைக்கவில்லை.

ஒன்றுக்கு மேற்பட்ட குஞ்சுகள் கால் விழுந்து செத்தால் உடனே புதைத்துவிடாதீர்கள். பிளாஸ்டிக் பையில் இரட்டையாகச் சுற்றி, உணவுப்பொருளோடு கலக்காமல் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து, ஓரிரு நாளுக்குள் பிரேதப் பரிசோதனைக்குக் கொடுங்கள். உறைய வைத்தால் திசு கெட்டுவிடும். கூடவே, அவை தின்ற தீவனத்தில் ஒரு பிடியும், மூட்டையில் உள்ள தயாரிப்புத் தேதியும், குஞ்சுகள் பொரித்த தேதியும், எந்தக் குஞ்சு எந்த நாளில் நொண்ட ஆரம்பித்தது என்ற குறிப்பும் இருந்தால் மீதியைக் காப்பாற்ற மருத்துவருக்கு வழி கிடைக்கும்.